தொழிற்சங்கச் சட்டமும் பம்பாய்த் தமிழரும்

நான் கடைக்காரன்; சட்டம் படித்தவன் அல்லன். ஆனாலும் இதை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1982-இல் தாராவிக்குப் பக்கத்தில் அப்பாவின் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மில் வேலைநிறுத்தம் நீண்டுகொண்டே போயிற்று. முந்தின தீபாவளிக்குத் தவணையில் பித்தளை அண்டா வாங்கிப்போன மில் தொழிலாளி வீட்டுப் பெண்கள், அதே அண்டாவை எடைக்குப் போட வந்து நின்றார்கள். "ஏம்ப்பா, பேசித் தீர்க்க ஒரு ஆள்கூடவா இல்லை?" என்றார் அப்பா. ஆள் இருந்தார், அவரோடு பேசவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அது எப்படி என்று பார்ப்போம்.

சென்னையில் முளைத்த வித்து

இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்தின் வேர் நம் சென்னையில் இருக்கிறது. பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளரின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் இரு வணிகர்கள். அவர்கள் முயற்சியால் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா, பம்பாயில் பிறந்த பார்சி. திரு.வி.க.வும் உடன் நின்றார்.

1920-இல் கம்பெனி கதவடைத்தது. சங்கத் தலைவர்கள்மீது வழக்கும் தொடுத்தது. தொழிலாளர் வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சங்கம் நடத்துவதே ஆபத்து என்றாகிவிட்டது! 1921-இல் பம்பாயைச் சேர்ந்த என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் இதற்கொரு சட்டம் கேட்டார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் முறையாக நடந்துகொள்ளும் பதிவுபெற்ற சங்கத்தின்மீது சதி வழக்கும் நஷ்டஈட்டு வழக்கும் பாயாமல் அது காத்தது. ஆனால் முதலாளி அந்தச் சங்கத்தோடு பேசியே ஆகவேண்டும் என்று அதில் இல்லை.

பம்பாயில் வந்த சிக்கல்

அந்தக் குறையை நிரப்ப வந்தது 1946-இன் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டம். ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே பிரதிநிதிச் சங்கம். பேச்சுவார்த்தை அதனோடு மட்டும். பம்பாய் மில்களில் அந்த இடம் ராஷ்ட்ரிய மில் மஸ்தூர் சங்கத்துக்கு. தொழிலாளர்களோ டாக்டர் தத்தா சாமந்த் பின்னால் போனார்கள். 1982 ஜனவரி 18-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினர். "சட்டப்படி உங்களோடு பேச முடியாது" என்றனர் முதலாளிகள். அந்தச் சட்டத்தையே நீக்கு என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. வேலைநிறுத்தம் முறையாக வாபஸ் ஆகவே இல்லை. பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். எங்கள் பேரேட்டிலும் வராத பாக்கி பக்கம் பக்கமாக நின்றது.

இன்றைய நிலை

2020-இல் நிறைவேறிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது; 1926-ஆம் ஆண்டுச் சட்டமும் அதில் அடங்கிவிட்டது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதம் தொழிலாளர் ஆதரவு பெற்றதே பேசும் சங்கம். எதற்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 சதவீதம் ஆதரவுள்ள சங்கங்கள் கூடிய குழு பேசும். இது நியாயமான ஏற்பாடு. அதே சமயம், எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயம். கொடுத்த 14 நாளுக்குள் இறங்கக்கூடாது. முன்பு இந்தக் கட்டு பொதுப்பயன் சேவைகளுக்குத்தான் இருந்தது.

தாராவியில் தோல் பட்டறையிலும் தையல் பட்டறையிலும் ஐந்தாறு பேராக உழைக்கும் நம்மவருக்கு இதில் என்ன இருக்கிறது? இருக்கிறது. ஏழு பேர் கையெழுத்திட்டுச் சங்கப் பதிவு கேட்கலாம். அந்தத் தொழிலில் உள்ளவர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்கவேண்டும். ஒரு பட்டறையில் நூறு பேர் கிடைக்கமாட்டார்கள். ஒரே தொழில் செய்யும் பல பட்டறைகளில் கிடைப்பார்கள்.

சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு நான் இதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். யாரோடு பேசுவது என்று தெரிந்தால் முதலாளிக்கும் நிம்மதி. தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த அண்டாக்களை எடைபோட்ட தராசு எனக்குக் காட்டிவிட்டது.