புள்ளி வழங்கப்படாத ஒரு பாடம்

நான் சனிக்கிழமைகளில் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாசல் நகர ஓவிய நூதனசாலைக்குக் கூட்டிச் செல்லலாம் என்று ஒரு யோசனையை முன்வைத்தேன். ஒரு தந்தை எழுந்து, "படம் பார்த்தால் சோதனையில எத்தனை புள்ளி கூடும், மாஸ்ரர்?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். எனக்கு அது சிரிப்பதற்குரிய கேள்வியாகப் படவில்லை. இரண்டு வேலை செய்து, சனிக்கிழமைக் காலை உறக்கத்தையும் இழந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற ஒருவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முயல்கிறேன்.

எமது பாடசாலைகளில் பாடத்துக்கு அப்பாலான செயற்பாடு என்றால் என்ன? பேச்சுப்போட்டி, திருக்குறள் மனனப்போட்டி, கலைவிழா. இவற்றில் பெரும்பாலும் பிள்ளை செய்வது ஒன்றைத்தான்: பிறர் எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் ஒப்புவிப்பது. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஊரில் எம்மைக் கல்விச் சுற்றுலா கொண்டுபோனார்கள். திரும்பி வந்து நாம் எழுத வேண்டிய கட்டுரை, புறப்படுவதற்கு முன்பே கரும்பலகையில் எழுதப்பட்டிருந்தது.

இதற்கு மாறான ஒரு முறையின் பயனை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பென்ரன்வில் என்னும் சிறுநகரில் 2011இல் கிறிஸ்ரல் பிரிட்ஜஸ் ஓவிய நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கு வர விரும்பிய பாடசாலைகள் இடவசதியை மிஞ்சின. ஆகவே முதலில் போவது யார் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, போனவர்களையும் அதுவரை போகாதவர்களையும் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். 123 பாடசாலைகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். சில வாரங்களின் பின், முன்பு கண்டிராத ஓர் ஓவியத்தைக் காட்டி எழுதச் சொன்னபோது, போய்வந்தவர்கள் கூடுதலாகக் கவனித்து, காரணம் காட்டி எழுதினர். சராசரியில் இந்த வேறுபாடு சிறியதே. ஆனால் கிராமப்புறப் பிள்ளைகளிடமும் வறிய பாடசாலைப் பிள்ளைகளிடமும் அது பொதுவாக இரண்டு மூன்று மடங்காக இருந்தது.

நினைவு பற்றிய முடிவு இன்னும் கவனத்துக்குரியது. மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சும் ஒரு முகாமை வரைந்த ஈஸ்ட்மன் ஜோன்சனின் ஓவியம் அங்கு உள்ளது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த சீனியைத் தவிர்க்க, அடிமைமுறையை எதிர்த்தவர்கள் இந்த இனிப்பைப் பயன்படுத்தினர் என்ற செய்தி, அதைப் பற்றிக் கலந்துரையாடியவர்களில் 88 வீதமானோருக்கு வாரங்கள் கழித்தும் நினைவிருந்தது. அதை மனனம் செய்யும்படி எவரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆனால் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் போதாது. ஒரு மணித்தியாலத்தில் நாற்பது ஓவியங்களைக் கடந்து ஓடினால் மிஞ்சுவது கால்வலி மாத்திரமே. நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் கல்விப் பொறுப்பிலிருந்த பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகைல் ஹூசனும் உருவாக்கிய முறை எளிமையானது. ஒரு படத்தின் முன் பிள்ளைகளை இருத்தி, முதலில் மௌனமாகப் பார்க்க விடவேண்டும். பிறகு மூன்றே கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது. இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. அபிப்பிராயம் சொல்லும் பிள்ளையை அது ஆதாரத்துக்குத் திருப்புகிறது. ஆசிரியர் விரிவுரை ஆற்றக்கூடாது. எம் போன்றோருக்கு இதுதான் மிகக் கடினம்.

பன்னிரண்டு பிள்ளைகளுடன் போனோம். இரண்டு இடங்களில் மட்டும் நின்றோம். முதலாவது, 1521-22இல் ஹான்ஸ் ஹொல்பைன் வரைந்த, கல்லறையில் கிடத்தப்பட்ட கிறிஸ்துவின் உடல். 2 மீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் அளவே உயரம். ஒரு மாணவியிடம் அந்தக் கையின் நிறத்துக்கு டொச்சில் சொல் இருந்தது, தமிழில் இல்லை. "கன்றிப்போன" என்ற சொல்லைக் கொடுத்தேன். அவள் அதை இனி மறக்க மாட்டாள் என்று நினைக்கிறேன், அது தேவைப்பட்ட வேளையில் வந்த சொல்.

பிறகு ஒரு பையன் கேட்டான்: "வாய் ஏன் திறந்திருக்கு, சேர்? அம்மப்பாவுக்கு நாடியைச் சீலையால கட்டியிருந்தவை." யாழ்ப்பாணத்தில் நடந்த அந்த இறுதிச்சடங்கை அவன் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தவன். "அப்ப இவருக்குக் கட்டிவிட ஆள் இல்லைப் போல" என்றாள் இன்னொருத்தி. எனக்குச் சற்று நேரம் பேச வரவில்லை. 2009 மே மாதத்தில், நாடி கட்ட ஆளில்லாமல் கிடந்தவர்களில் எனது உறவினரும் உண்டு. எமது வகுப்பறையில் அந்த ஆண்டு தினங்களிலும் உரைகளிலும் மட்டுமே வருகிறது. அதை ஒரு மனித உடலாக நான் பிள்ளைகளிடம் பேசியதில்லை. அன்று அந்தப் படத்தின் முன் பேசினேன்.

இரண்டாவதாக, பிக்காசோவின் இரண்டு ஓவியங்கள்: 'இரு சகோதரர்' (1906), 'அமர்ந்திருக்கும் கோமாளி' (1923). 1967இல் இவற்றின் உரிமையாளர்கள் விற்க முற்பட்டபோது விலை 84 இலட்சம் பிராங். அதில் 60 இலட்சத்தைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க மாநில அரசு முன்வந்தது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்ட, விடயம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. மிகுதி 24 இலட்சத்தைப் பொதுமக்கள் 'பிச்சைக்காரர் விழா' நடத்தித் திரட்டினர். டிசெம்பர் 17ஆம் திகதி 32,118 பேர் ஆம் என்றும் 27,190 பேர் இல்லை என்றும் வாக்களித்தனர். நெகிழ்ந்துபோன பிக்காசோ மேலும் நான்கு படைப்புகளை அன்பளிப்புச் செய்தார்.

"எங்களுக்கு வாக்கு இருந்திருக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். இம்மாநிலப் பெண்களுக்கே அதற்கு முந்திய ஆண்டுதான் வாக்குரிமை கிடைத்தது என்றேன். வெளிநாட்டவருக்கு வாக்குரிமை கொடுக்கும் பிரேரணை 2024 நவம்பரில் இங்கு தோற்றதையும் சொன்னேன். அவளிடம் சுவிஸ் கடவுச்சீட்டு உண்டு, அவளது தாயிடம் இல்லை. அந்த ஓவியம் யாருடையது என்ற விவாதம் ரயில் நிலையம் வரை நீண்டது.

நூதனசாலைகள் ஐரோப்பிய மேட்டுக்குடியின் கோயில்கள், அங்கே எம் பிள்ளைகளை மண்டியிட வைப்பதா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1880களில் பாசலைச் சேர்ந்த பவுல், பிரிட்ஸ் சரசின் இருவரும் இலங்கைக்குப் போய், வேடர்களின் உடல்களை அளந்து, எலும்புகளையும் இந்நகருக்குக் கொண்டுவந்தவர்கள். ஆனால் இதைக் கேட்பதற்கும் பிள்ளை அந்தக் கட்டடங்களுக்குள் கால் வைத்திருக்க வேண்டும். 'எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்கப் பழகிய பிள்ளை அதை ஹொல்பைனிடமும் கேட்கும், சரசினிடமும் கேட்கும், எமது மேடைப் பேச்சாளர்களிடமும் கேட்கும். எம்மில் சிலருக்கு இது சங்கடமாகவும் இருக்கலாம்.

அந்தத் தந்தைக்கு என் பதில் இதுதான்: புள்ளி எதுவும் கூடாது. ஆனால் உங்கள் மகன் அன்று ஒன்றரை மணித்தியாலம், எவரும் எழுதிக் கொடுக்காத தமிழில் பேசினான். நீங்கள் வாழும் நகரங்களிலும் இத்தகைய நூதனசாலைகள் உண்டு. வாசகர்கள் தத்தம் பிள்ளைகளுடன் போய்வந்து, எதிர்க்கருத்தாயினும் எழுதினால், இந்த விவாதத்தை அடுத்த இதழிலும் தொடரலாம்.