பச்சைப் பிள்ளைக்கு நீல வெளிச்சம் எதற்கு?



இலத்தூர் குழுக் கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு உறுப்பினர் கேட்டார்: "எம்மா, பேரப்பிள்ளைக்குக் கண்ணைக் கட்டி நீல லைட்டுக்கு அடியில போட்டிருக்காவ. பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா? வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துரலாமா?" தூக்கி வரக்கூடாது. ஏன் என்று சொல்கிறோம்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். ரத்த அணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை முழுதாக வெளியேற்றப் பிள்ளையின் ஈரலுக்கு இன்னும் பலம் வரவில்லை. பெரும்பாலும் தானே குறைந்துவிடும். அளவு மிஞ்சினால் மூளையைத் தாக்கும்; காது கேளாமல் போகலாம், கைகால் அசைவு கெடலாம், உயிரே போகலாம்.

நீல வெளிச்சம் தோல் வழியாகப் போய் அந்த மஞ்சள் பொருளை மாற்றிவிடுகிறது. மாறியது மலத்திலும் சிறுநீரிலும் போய்விடும். அதனால்தான் பிள்ளை பச்சையாக, இளக்கமாக வெளிக்குப் போகும். கண்ணைக் கட்டுவது வெளிச்சம் கூசாமல் காப்பதற்கு. 2, 3 மணிக்கொரு தரம் வெளியே எடுத்துத் தாய்ப்பால் கொடுக்கலாம், கொடுக்கணும்.

இதை முதலில் கவனித்தவர் ஒரு நர்ஸம்மா. 1956-ல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளைகளை வெயிலில் காட்டுவார். ஒரு பிள்ளைக்குத் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. டாக்டர்கள் ஆராய்ந்து 1958-ல் விளக்குக் கருவி செய்தார்கள்.

"அப்போ நாமும் வெயிலில் காட்டினால் போதுமே?" போதாது. விளக்கு அளவாக, மணிக்கணக்காக வேலை செய்யும். வெயிலில் அந்த அளவு கிடைக்காது, பிஞ்சுத் தோல்தான் வெந்துபோகும். கழுதைப்பால், கீழாநெல்லிச் சாறு, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய சட்டையையும் போடாதீங்க. சில பிள்ளைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சளைக் கூட்டிவிடும்.

பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் நெற்றியை, நெஞ்சை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்க. குண்டு பல்பு வெளிச்சத்தில் தெரியாது. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாலும் தெரியாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலோ, உள்ளங்காலுக்கு இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ விடியட்டும் என்று பார்க்காதீங்க. 108-ஐக் கூப்பிட்டு தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போங்க. அரசு மருத்துவமனையில் பச்சைப் பிள்ளைக்கு வைத்தியம் இலவசம். தாய்க்கு 'ஓ' வகை ரத்தமோ நெகட்டிவ் ரத்தமோ என்றால் அதைப் போனதும் சொல்லிவிடுங்க.