பக்கத்து வீட்டார் குடித்த மருந்து

வங்கதேசத்து மத்லபில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பங்காளிக் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. 1985இல் அங்கே பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் காலராவைத் தடுக்கும் குடிமருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது.

2005இல் ஆய்வாளர்கள் அதே கணக்கேடுகளை வேறொரு கேள்வியோடு புரட்டினார்கள். ஒருவரைச் சுற்றி வாழ்பவர்களில் எத்தனை பேர் மருந்து குடித்திருந்தார்கள்? மிகச் சிலரே குடித்திருந்த இடங்களில் மருந்தின் பாதுகாப்பு 62 சதவீதம். மிக அதிகம் பேர் குடித்திருந்த இடங்களில் 14 சதவீதம்தான்! பலருக்குக் கொடுத்தால் மருந்தின் வீரியம் குறைந்துவிடுமா என்ன?

விடை வெற்று மருந்து குடித்தவர்களிடம் இருந்தது. சிலரே மருந்து குடித்த பகுதிகளில் அவர்களில் ஆயிரத்துக்கு 7 பேருக்குக் காலரா வந்தது. பலர் குடித்த பகுதிகளில் ஏறக்குறைய ஒன்றரைப் பேருக்குத்தான். மருந்தைத் தொடாதவர்களையும் அக்கம்பக்கத்தார் குடித்த மருந்து காத்திருக்கிறது. மருந்து குடித்தவர்கள், வெற்று மருந்து குடித்தவர்கள் என இரு தரப்புமே தப்பியதால்தான் அவர்களுக்கிடையிலான இடைவெளி சுருங்கியது. அந்த இடைவெளியை மட்டும் பார்ப்பவர் நல்ல மருந்தைக் குப்பையில் போட்டுவிடுவார். எனக்கு இது சாதாரணக் கணக்குப் பிழையாகத் தோன்றவில்லை, உயிர்கள் சம்பந்தப்பட்டது.

பிழையின் வேர் பழையது. ஒருவருக்குத் தரும் சிகிச்சை அடுத்தவரைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டே புள்ளியியல் காரண காரியத்தைத் தேடிவந்தது. ஒரு பாத்திக்கு இட்ட உரம் அடுத்த பாத்திக்குப் போகாது என்பது போன்ற எண்ணம் அது. தொற்றுநோய்க்கு இது பொருந்தாது. கொசுவுக்கும் மலேரியாவுக்குமான தொடர்பைச் செகந்திராபாத்தில் கண்ட ரொனால்டு ராஸ், ஒருவருக்கு நேர்வது மற்றவர்களுக்கு நேர்வதைச் சார்ந்திருக்கும் நிகழ்வுகளைப் பற்றி 1916லேயே எழுதியிருந்தார்.

அந்த இழையைப் பிடித்துக்கொண்டவர் சியாட்டிலின் உயிர்ப்புள்ளியியல் பேராசிரியர் எலிசபெத் ஹாலரன். 2008இல் அவரும் சக ஆய்வாளர் மைக்கேல் ஹட்ஜென்சும் ஒரு வழி சொன்னார்கள். முதலில் ஊர்களுக்கிடையே குலுக்கி, எந்த ஊரில் எத்தனை பங்கு மக்களுக்கு மருந்து என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு ஊருக்குள் ஆட்களைக் குலுக்க வேண்டும். அப்போது குடித்தவருக்குக் கிடைத்த பயனையும் குடிக்காதவருக்குக் கசிந்த பயனையும் பிரித்து அளக்கலாம்.

மத்லபில் அந்த முதல் குலுக்கல் நடக்கவில்லை. எங்கே பலர் குடித்தார்கள் என்பது மக்களின் விருப்பத்தைப் பொறுத்து அமைந்தது. அத்தகைய பகுதிகள் வேறு வகையிலும் மாறுபட்டிருக்கலாம். அந்தச் சந்தேகத்துக்கும் இடம் கொடுத்து, ஹாலரனும் ஹட்ஜென்சும் சகாக்களும் 2014இல் மீண்டும் கணக்கிட்டார்கள். அக்கம்பக்கத்தாரால் கிடைத்த பாதுகாப்பு அப்போதும் தெளிவாகத் தெரிந்தது.