எலிசபெத் பண்ணை

எலிசபெத் பண்ணை என்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பரமட்டா நகரை அடுத்த ரோஸ்ஹில் புறநகரில் அமைந்துள்ள குடியேற்றக் காலப் பண்ணை வீடு ஆகும். சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில் இது உள்ளது. 1793 ஆம் ஆண்டில் ஜான் மக்கார்தர் என்ற படை அதிகாரி இதனைக் கட்டுவித்துத் தம் மனைவி எலிசபெத்தின் பெயரைச் சூட்டினார். வீட்டின் முதற்கட்டச் சுவர்களில் ஒரு பகுதி இன்றும் நிலைத்திருப்பதால், ஆஸ்திரேலியாவில் எஞ்சியுள்ள ஐரோப்பியர் குடியிருப்புகளுள் இதுவே மிகப் பழமையானது எனக் கருதப்படுகிறது. தற்போது இது அரசு அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது.

ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தொடக்கம், கைதிகளின் உழைப்பு, முதற்குடி மக்களின் நில இழப்பு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் அறிய உதவுவது இவ்வீட்டின் சிறப்பு ஆகும்.

நிலமும் மக்களும்

ஐரோப்பியர் வருகைக்கு முன்னர் இப்பகுதி தாருக் இனத்தைச் சேர்ந்த பர்ரமட்டகல் குலத்தினரின் வாழ்விடமாக இருந்தது. விலாங்கு மீன்கள் தங்கும் இடம் என்னும் பொருள்படும் அவர்களது சொல்லிலிருந்தே பரமட்டா என்ற பெயர் தோன்றியது. கடலின் உவர்நீரும் மேட்டு நிலத்து நன்னீரும் கலக்கும் ஆற்றுப் பகுதி என்பதால் இங்கு மீன் முதலான உணவு வளம் மிகுந்திருந்தது.

1788 சனவரியில் சிட்னியில் இறங்கிய பிரித்தானியர், அங்குள்ள மண் வேளாண்மைக்கு உகந்ததாக இல்லாததால் உணவுப் பற்றாக்குறைக்கு ஆளாயினர். வளமான மண்ணைத் தேடி ஆற்றின் வழியே மேற்கே வந்த ஆளுநர் ஆர்தர் பிலிப், 1788 நவம்பரில் இங்கு ரோஸ் ஹில் என்ற குடியேற்றத்தை நிறுவினார். 1791 சூனில் அதன் பெயர் பரமட்டா என மாற்றப்பட்டது. இடையில் 1789 இல் பரவிய பெரியம்மை நோயால் சிட்னி வட்டாரத்தின் முதற்குடி மக்களில் பெரும் எண்ணிக்கையினர் மாண்டனர்.

எஞ்சியோர் தம் நிலத்தை எதிர்ப்பின்றி விட்டுக்கொடுக்கவில்லை. பெமுல்வுய் என்ற போர்வீரர் பல ஆண்டுகள் குடியேற்றப் பண்ணைகளைத் தாக்கி வந்தார். 1797 மார்ச்சில் பரமட்டாவில் நடந்த மோதலில் அவர் படுகாயமுற்றுப் பிடிபட்டார். பின்னர் தப்பிச் சென்று மீண்டும் போரிட்டு, 1802 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பண்ணையின் தோற்றம்

ஜான் மக்கார்தர் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் அதிகாரியாக 1790 சூனில் தம் மனைவியுடன் சிட்னிக்கு வந்தார். 1793 பெப்ரவரியில் பதில் ஆளுநர் பிரான்சிஸ் குரோஸ் அவருக்குப் பரமட்டாவில் 100 ஏக்கர் (சுமார் 40 எக்டேர்) நிலம் வழங்கினார். அடுத்த ஆண்டு மேலும் 100 ஏக்கர் கிடைத்தது.

பொதுப்பணிக் கண்காணிப்பாளர் பதவியையும் குரோஸ் இவருக்கு அளித்தார். எந்தப் பண்ணைக்கு எத்தனை கைதிகளை அனுப்புவது என்பதில் செல்வாக்குச் செலுத்த இப்பதவி இடமளித்தது. நிலம், கூலியற்ற உழைப்பு, அரசுப் பதவி ஆகிய மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்ததே பண்ணையின் விரைவான வளர்ச்சிக்கு முக்கியக் காரணம் ஆகும். வழக்கமாக 30 முதல் 40 பேர் வரை பண்ணையில் வேலை செய்ததாக எலிசபெத் மக்கார்தர் கடிதம் ஒன்றில் குறிப்பிட்டுள்ளார்.

கம்பளி வணிகமும் எலிசபெத்தின் பங்கும்

1797 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ இனச் செம்மறியாடுகள் சிட்னிக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் சிலவற்றை மக்கார்தர் வாங்கினார். மெல்லிய, மென்மையான இழைகளைத் தரும் மெரினோ கம்பளிக்கு இங்கிலாந்தின் நெசவாலைகளில் பெரும் தேவை இருந்தது. எடைக்கேற்ற மதிப்பு மிகுதியாகவும் கெட்டுப்போகாததாகவும் இருந்ததால், பல மாதக் கடற்பயணத்திற்குப் பின்னும் இலாபம் தரக்கூடிய பொருளாக அது விளங்கியது.

மக்கார்தர் பூசல் மிகுந்த இயல்பினர். 1801 இல் தம் மேலதிகாரியான வில்லியம் பாற்றர்சனுடன் துப்பாக்கி ஒற்றைப்போரில் ஈடுபட்டு அவரைக் காயப்படுத்தியதால், விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1805 இல் அரச மந்தையைச் சேர்ந்த மெரினோ ஆடுகளோடும், 5,000 ஏக்கர் நிலம் வழங்குவதற்கான ஆணையோடும் திரும்பினார். கேம்டன் என்னும் இடத்துப் பெரும்பண்ணை இவ்வாறு உருவானது. 1808 சனவரி 26 அன்று ஆளுநர் வில்லியம் பிளை பதவியிலிருந்து கவிழ்க்கப்பட்ட 'ரம் கிளர்ச்சி'யில் முதன்மைப் பங்கு வகித்ததால், 1809 இல் மீண்டும் இங்கிலாந்து சென்றவர் 1817 வரை திரும்ப இயலவில்லை.

இந்த இரு காலப்பகுதிகளிலும், ஏறக்குறைய 12 ஆண்டுகள், பண்ணைகளை நடத்தியவர் எலிசபெத் ஆவார். மந்தைகளின் இனப்பெருக்கம், பணியாட்களின் மேற்பார்வை, கணக்கு வழக்கு ஆகியவற்றை அவர் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கவனித்தார். 1804 மார்ச்சில் காசில் ஹில் அரசுப் பண்ணையிலிருந்த கைதிகள், பெரும்பாலும் அயர்லாந்தினர், கிளர்ந்தெழுந்தபோது அவர் குழந்தைகளுடன் இரவில் படகேறிச் சிட்னிக்குச் செல்ல நேர்ந்தது.

1822 இல் மக்கார்தரின் கம்பளிக்கு இலண்டனில் தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 1966 இல் வெளியான ஆஸ்திரேலிய 2 டாலர் தாளில் அவரது உருவமும் மெரினோ கிடாயும் இடம்பெற்றன. 1988 இல் அத்தாளுக்குப் பதிலாக நாணயம் வந்தது. கம்பளித் தொழிலின் தந்தை என அவர் நெடுங்காலம் போற்றப்பட்ட போதிலும், மந்தைகள் பெருகிய காலத்தின் பெரும்பகுதியில் பொறுப்பிலிருந்தவர் எலிசபெத்தே என்பதை அண்மைக் கால வரலாற்று நூல்கள் வலியுறுத்துகின்றன.

கட்டிட அமைப்பு

முதல் வீடு செங்கல்லால் கட்டப்பட்டது. அதன் நீளம் 68 அடி. அகலம் 18 அடி. மேல்மாடி இல்லாத அவ்வீட்டில் ஒரு கூடமும் நான்கு அறைகளும் நிலவறையும் இருந்தன. சமையலறையும் பணியாளர் இருப்பிடமும் அருகே தனியாக அமைந்திருந்தன. 1820களின் பிற்பகுதியில் வீடு விரிவாக்கப்பட்டு, உணவறையும் வரவேற்பறையும் உயர்ந்த கூரையுடன் திருத்தியமைக்கப்பட்டன.

வீட்டைச் சூழ்ந்துள்ள தாழ்ந்த கூரையுடன் கூடிய அகன்ற வராந்தா குறிப்பிடத்தக்கது. வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் இவ்வமைப்பும் அதன் பெயரும் இந்தியாவிலிருந்து பிரித்தானியரிடம் சென்றவை. பிற்கால ஆஸ்திரேலியக் கிராமப்புற வீடுகள் பலவற்றில் இதே வடிவம் காணப்படுகிறது. தோட்டத்தில் உள்ள ஒலிவ மரம், அந்நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒலிவ மரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அழிவிலிருந்து பாதுகாப்பு

ஜான் மக்கார்தர் 1832 இல் மனநலம் குன்றியவராக அறிவிக்கப்பட்டு, 1834 இல் கேம்டனில் காலமானார். எலிசபெத் 1850 இல் மறைந்தார். 1880களில் பண்ணை நிலம் மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டது. சுற்றிலும் வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. பழுதடைந்திருந்த வீட்டை 1904 இல் சுவான் குடும்பத்தினர் வாங்கினர். இடித்துவிட்டு மனையை விற்பது எளிதாக இருந்த காலத்தில், அக்குடும்பம் 1968 வரை அதில் குடியிருந்தமையாலேயே வீடு தப்பியது. பின்னர் அறக்கட்டளை ஒன்றின் கைக்கு வந்து, 1980களின் தொடக்கத்தில் மாநில அரசின் வரலாற்று இல்லங்கள் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 1984 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

ஏனைய வரலாற்று இல்லங்களில் உள்ளதுபோல் இங்கு கயிற்றுத் தடுப்புகள் இல்லை. அறைகலன்கள் பெரும்பாலும் பழைய மாதிரிகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஆகையால் பார்வையாளர்கள் நாற்காலிகளில் அமரலாம். பொருட்களைத் தொட்டுப் பார்க்கலாம். பள்ளி மாணவர்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

அருகில் உள்ள இடங்கள்

ஹாம்பிள்டன் குடில்: மக்கார்தர் குடும்பத்துப் பிள்ளைகளின் ஆசிரியை பெனலோப்பி லூகாசுக்காக 1824 இல் கட்டப்பட்ட சிறு வீடு. பண்ணை வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது.

எக்ஸ்பெரிமென்ட் பண்ணைக் குடில்: ஒரு குடும்பம் தன் உழைப்பால் எவ்வளவு காலத்தில் தற்சார்பு அடையும் என்பதைச் சோதிக்க, முன்னாள் கைதியான ஜேம்ஸ் ரூசுக்கு 1789 இல் ஆளுநர் பிலிப் நிலம் கொடுத்த இடம். 1791 இல் ரூஸ் வெற்றி பெற்று 30 ஏக்கருக்கு உரிமை பெற்றார். குடியேற்றத்தின் முதல் நில வழங்கல் இதுவே. 1793 இல் படை மருத்துவர் ஜான் ஹாரிஸ் இந்நிலத்தை வாங்கினார். இப்போதுள்ள குடில் அவர் காலத்தது.

பழைய அரசு இல்லம்: பரமட்டா பூங்காவில் உள்ளது. 1799 இல் ஆளுநர் ஹண்டரால் கட்டப்பட்டு, ஆளுநர் மக்குவாரியால் விரிவாக்கப்பட்டது. 2010 இல் ஆஸ்திரேலியக் கைதிகள் களங்கள் 11 இனுள் ஒன்றாக யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பெண்கள் தொழிற்கூடம்: பெண் கைதிகளை அடைத்து வேலை வாங்குவதற்காக 1821 இல் திறக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே வடிவமைத்தார். அவரும் ஒரு கைதியாக வந்தவரே. 2017 இல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

புனித யோவான் இடுகாடு: 1790 முதல் பயன்பாட்டில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஐரோப்பியர் இடுகாடு இதுவாகும்.

இன்றைய சுற்றுப்புறம்

மருத்துவர் ஹாரிசின் பெயரைத் தாங்கிய ஹாரிஸ் பார்க் புறநகர் இன்று இந்திய உணவகங்களுக்கும் கடைகளுக்கும் பெயர் பெற்றது. 2023 மே மாதத்தில் இந்திய, ஆஸ்திரேலியப் பிரதமர்கள் பங்கேற்ற நிகழ்ச்சியில் இப்பகுதிக்கு 'லிட்டில் இந்தியா' என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குடியேறிய தமிழர்கள் பரமட்டாவின் மேற்கே உள்ள வென்ட்வர்த்வில், பென்டில் ஹில், டூங்கபி முதலிய இடங்களில் கணிசமாக வாழ்கின்றனர். மேஸ் ஹில்லில் உள்ள சிட்னி முருகன் கோயில் இவர்களின் முக்கிய வழிபாட்டுத் தலம் ஆகும்.

போக்குவரத்து

ஹாரிஸ் பார்க் தொடருந்து நிலையத்திலிருந்து பண்ணை வீட்டிற்கு நடந்து செல்லலாம். 2024 திசம்பரில் சேவை தொடங்கிய பரமட்டா இலகுத் தொடருந்தும் அருகே செல்கிறது. சிட்னித் துறைமுகத்திலிருந்து பரமட்டாவுக்குப் படகுச் சேவையும் உண்டு. குடியேற்றக் காலத்தில் மக்களும் கம்பளி மூட்டைகளும் பயணித்த ஆற்று வழியே இப்படகுகள் செல்கின்றன.