துப்பாக்கி வேண்டாம், மூக்கு போதும்!

பறவை நாய்க்குப் பரீட்சை வைப்பது எப்படி?

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. ஏறினால் போடிமெட்டு. 4,000 அடிக்கு மேல் உயரம். அங்கிருந்து ஏலக்காய்த் தோட்டங்கள் ஆரம்பம். ஏல மலை என்றே அந்த மலைக்குப் பெயர்.

விடியற்காலையில் இந்தச் சரிவுகளில் காட்டுக்கோழி கூவும். கீழே புதர்க்காட்டில் கௌதாரி கத்தும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் வீட்டு நாய் எழுந்து விடும். மூக்கைத் தூக்கும். சங்கிலியை இழுக்கும்.

"அவிழ்த்து விட்டால் ஒரு கோழியாவது பிடித்து வருமே!" என்று சில வாலிபர்களுக்கு ஆசை தோன்றும்.

அவிழ்த்து விடாதீர்கள்! நாய் பிடிக்கிற கோழிக்காக எஜமானர் சிறைக்குப் போக நேரிடும்.

அப்படியானால் நாயின் திறமை வீண்தானா? இல்லை. ஒரு பறவைக்கும் தீங்கு செய்யாமல் அந்தத் திறமையைப் பழக்கலாம். பரீட்சை வைக்கலாம். மதிப்பெண்ணும் போடலாம்.

பறவை நாய் என்றால் என்ன?

எல்லா நாயும் பறவை நாய் அல்ல. வேட்டைக்காரனுக்குப் பறவையைக் காட்டிக் கொடுக்கவும், எடுத்து வரவும் மேல்நாட்டில் தனியாக வளர்த்த ஜாதிகள் உண்டு.

பாயிண்டர் என்பது ஒரு ஜாதி. புதரில் பறவை இருப்பதை மோப்பத்தால் அறிந்ததும் சிலை போல நின்று விடும். ஒரு முன்னங்காலைத் தூக்கிக் கொள்ளும். மூக்கு பறவை இருக்கும் பக்கமே நீட்டியிருக்கும். குரைக்காது, பாயாது. "இதோ இருக்கிறது" என்று விரல் நீட்டுவது போலத்தான்.

செட்டர் என்பது பதுங்கிக் காட்டும். ஸ்பானியல் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பும். ரெட்ரீவர் விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்வி வரும். இன்று நம் ஊர்களில் பல வீடுகளில் வளரும் லாப்ரடார், இந்த ரெட்ரீவர் வகைதான்.

சீமையில் நடந்த பரீட்சை

இங்கிலாந்தில் பெட்போர்டுஷயர் சீமையில் சவுத்ஹில் என்ற ஊர். 1865-ல் அங்கே பாயிண்டர், செட்டர் நாய்களுக்கு வயல்வெளியில் ஒரு போட்டி நடந்தது. பறவை நாய்ப் போட்டிகளுக்கு அதுவே தொடக்கம் என்கிறார்கள். அழகுக்குப் பரிசு இல்லை. வேலைக்குத்தான் பரிசு.

போட்டி என்றால் ஒரு நாய் ஜெயிக்கும், மற்றவை தோற்கும். ஏழை எளிய எஜமானரின் நாய்க்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆகவே அமெரிக்காவில் 1985-ல் வேறு முறை கொண்டு வந்தார்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் 'வேட்டைப் பரீட்சை' என்று ஒன்றை ஆரம்பித்தது. இது பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி. அடுத்த நாயோடு போட்டி கிடையாது. குறிப்பிட்ட அளவு மதிப்பெண் வாங்கினால் எல்லா நாயும் பாஸ்!

பாயிண்டர் வகை நாய்களின் முதல் வகுப்புப் பரீட்சைக்கு நாலு பாடங்கள். தேடும் ஆர்வம், பறவையைக் கண்டுபிடிக்கும் திறமை, நின்று காட்டுதல், பழக்கத்துக்குப் பணிதல். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். சராசரி 7 வர வேண்டும். எந்தப் பாடத்திலும் 5-க்குக் குறையக் கூடாது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு நாய் முதல் மூன்று பாடங்களில் 9, 8, 7 வாங்குகிறது. கடைசிப் பாடத்தில் 4 மட்டும். கூட்டினால் 28. சராசரி 7. ஆனாலும் பெயில்தான்! எவ்வளவு கெட்டிக்கார நாயானாலும், சொன்னபடி கேட்கவில்லை என்றால் பிரயோஜனம் இல்லை என்பது அதன் பொருள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு காலத்தில் இந்த மலைகளிலும் வேட்டை நடந்தது. தோட்டத் துரைமார்களும் ஜமீன்தார்களும் துப்பாக்கியும் நாயுமாகக் காட்டுக்குள் போனார்கள். உதகமண்டலத்தில் நாய்க் கூட்டத்தை விட்டு, குதிரை மேல் நரி துரத்தும் வேட்டையே பிரசித்தம்.

அந்தக் காலம் முடிந்து விட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுட்டுக் கொல்வது மட்டும்தான் வேட்டை என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு! கண்ணி வைப்பது, வலை போடுவது, இரை வைத்து இழுப்பது, விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். அப்படிச் செய்ய முயன்றாலே குற்றம். காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம்தான்.

உயிருள்ள கோழியையோ புறாவையோ கட்டிப் போட்டு நாயைப் பழக்கலாமா? அதுவும் கூடாது. வேடிக்கைக்காகப் பிராணியை இரையாகக் கட்டி வைப்பதை 1960-ம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது.

நம் பக்கத்து நாய்கள்

போடியைப் போலவே மலையடிவாரத்தில் உள்ள ஊர் கோம்பை. அதே தேனி மாவட்டம். அந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது கோம்பை நாய். செம்பழுப்பு நிறம். மூஞ்சி மட்டும் கறுப்பு. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. ராஜபாளையம் நாய் வெள்ளை நிறம். அதன் படம் போட்டு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் மெலிந்த உடம்பு, நீண்ட கால். காற்றாய்ப் பறக்கும்.

2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி தமது வானொலிப் பேச்சில் இந்த நாலு ஜாதிகளையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவை பறவை நாய்கள் அல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். பாயிண்டரைப் போல நின்று காட்டவில்லையே என்று அவற்றை அடிப்பது பாவம். எந்த ஜாதியானாலும் மூக்கு உண்டு. நம் மூக்கில் வாசனை அறியும் அணுக்கள் ஏறக்குறைய 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே மோப்பப் பழக்கத்தை எந்த நாய்க்கும் கற்றுத் தரலாம். தெருவில் எடுத்து வளர்த்த குட்டிக்கும் தரலாம்.

முதல் பாடங்கள்

முதலில் "வா". பேர் சொல்லிக் கூப்பிட்டால் வர வேண்டும். வந்ததும் ஒரு சிறு தின்பண்டம். வந்த நாயை ஒருபோதும் அடிக்கக் கூடாது. அடித்தால் அடுத்த முறை வராது.

இரண்டாவது "நில்". எவ்வளவு ஆசையான பொருள் எதிரே இருந்தாலும் நிற்க வேண்டும். முதலில் ஒரு நிமிஷம் போதும்.

மூன்றாவது "எடு". பழைய காலுறைக்குள் துணியைத் திணித்து உருட்டிக் கொள்ளுங்கள். வெளியே வீட்டுக்கோழி இறகு நாலைந்தைக் கட்டுங்கள். காட்டுப் பறவையின் இறகு வேண்டாம். அதை வைத்திருப்பதே வம்பு. இந்தப் பொட்டலத்தை வீசுங்கள். கொண்டு வந்தால் பாராட்டுங்கள். பறித்து இழுக்காதீர்கள். இழுத்தால் நாய் பல்லை அழுத்தப் பழகி விடும்.

நாலாவது, சத்தத்துக்குப் பயப்படாமை. நாய் சாப்பிடும்போது தொலைவில் ஒரு தட்டை மெல்லத் தட்டுங்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் நெருங்கி வரலாம். நாய் நடுங்கினால் நிறுத்தி விடுங்கள். வெடி வெடித்துப் பழக்குவது மடமை.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். நாய்க்குச் சலிப்பு வரும் முன் நிறுத்த வேண்டும்.

பரீட்சை வைக்கும் விதம்

இடம் எது? காட்டு ஓரம் வேண்டவே வேண்டாம். வேலி போட்ட தென்னந்தோப்பு, அறுவடை முடிந்த சொந்த வயல், இவை போதும்.

நேரம் எது? விடியற்காலை. ஈரமான மண்ணில் வாசனை தங்கும். வெயில் ஏறினால் வாசனை கலைந்து போகும். நாயும் வாயைத் திறந்து இரைக்கும். இரைக்கிற நாய் சரியாக மோப்பம் பிடிக்காது. போடி வெயிலில் லாப்ரடாரை நடுப்பகலில் ஓட விட்டால் உயிருக்கே ஆபத்து.

காற்று எந்தப் பக்கம்? ஒரு துளி இலவம்பஞ்சை விரலிலிருந்து விட்டுப் பாருங்கள். போடியில் பஞ்சுக்குப் பஞ்சமா? பஞ்சு பறந்து போகும் திசைக்கு எதிர்ப் பக்கத்தில் பொட்டலத்தை ஒளித்து வையுங்கள். காற்று பொட்டலத்திலிருந்து நாயை நோக்கி வீச வேண்டும். சரிவான இடமானால் வெயில் ஏறியதும் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். இரவில் கீழே இறங்கும். இதையும் கவனிக்க வேண்டும்.

ஒளித்து வைப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். இடம் தெரிந்தால் எஜமானரின் கண்ணே காட்டிக் கொடுத்து விடும். நாய் மகா கெட்டிக்காரப் பிராணி. எஜமானர் முகத்தைப் பார்த்தே பாஸ் செய்து விடும்!

மதிப்பெண் போட வீட்டுப் பிள்ளைகளை நியமியுங்கள். சிலேட்டில் நாலு கோடு. தேடும் ஆர்வம், கண்டுபிடித்தல், எடுத்து வருதல், சொல் கேட்டல். ஒவ்வொன்றுக்கும் 10. மேலே சொன்ன கணக்கையே வைத்துக் கொள்ளலாம். வாரம் ஒரு முறை எழுதி வைத்தால், எந்தப் பாடத்தில் நாய் பின்தங்குகிறது என்பது தானே தெரியும்.

மலைச் சரிவில் எச்சரிக்கை

ஏலத்தோட்டத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் காவலாக நாய் அவசியம்தான். ஆனால் இரவில் அவிழ்த்து விட்டால் சிறுத்தைக்கு இரையாகலாம்.

காட்டுக்கு நாயாலும் ஆபத்து உண்டு. தடுப்பூசி போடாத நாய், டிஸ்டெம்பர் என்ற கொடிய நோயைக் காட்டுக்குள் கொண்டு போகும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் மடிந்தபோது, அவற்றில் பலவற்றின் உடலில் இந்த நோய்க் கிருமி இருந்தது. நம் மலையில் இருக்கும் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் இது வரலாம்.

ஆகவே டிஸ்டெம்பர் ஊசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்ட பிறகே பழக்கத்தை ஆரம்பிக்க வேண்டும். வெறிநோய் ஊசி குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் முறை. பிறகு கால்நடை மருத்துவர் சொல்கிறபடி தவறாமல் போட வேண்டும். பழக்கும்போது பல் பட்டுக் காயமானால் அலட்சியம் கூடாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் வந்த பின் பிழைப்பது அரிது.

மோப்பத்துக்கு உத்தியோகம் உண்டு

பறவையைப் பிடிக்கத் தெரிந்த மூக்கு, பறவையைக் காக்கவும் உதவும். 2008-ல் டிராபிக் என்ற ஸ்தாபனம் நம் நாட்டில் வனத்துறைக்கு மோப்ப நாய்களைத் தயார் செய்யும் வேலையை ஆரம்பித்தது. குவாலியர் அருகே டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பள்ளி இருக்கிறது. புலித்தோல், எலும்பு, தந்தம் இவற்றின் வாசனையை நாய்கள் பல மாதம் படிக்கின்றன. நாயோடு வனக்காவலரும் கூடவே படிக்கிறார். தேர்ச்சி பெற்ற நாய்கள் கள்ள வேட்டைக்காரர்களைப் பிடித்துக் கொடுத்திருக்கின்றன.

ஜாதி நாய் வைத்திருப்பவர்கள், அதன் வம்சாவளியைச் சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆப் இந்தியாவில் பதிவு செய்யலாம். வீட்டுப் பரீட்சைக்குப் பதிவு வேண்டாம், பணமும் வேண்டாம். பழைய காலுறை ஒன்று, கோழி இறகு நாலு, ஒரு சிலேட்டு. அடுத்த ஞாயிறு காலை, தோப்பில் பனி காயும் முன் ஆரம்பித்துப் பாருங்கள். காட்டுக்கோழி அதன் பாட்டுக்கு மலையில் கூவட்டும்.