உங்களுக்குத் தெரியுமா? பெரியார் திடல் ஒரு காலத்தில் டிராம் ஷெட்!

சென்னை வேப்பேரியில் இன்று பெரியார் நினைவிடம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் இரவு ஓய்வெடுத்தன. மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வே கம்பெனியின் பணிமனை அது.

● இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது கல்கத்தாவிலோ பம்பாயிலோ அல்ல, 1895 மே 7 அன்று மெட்ராஸில். லண்டன் தெருக்களுக்கே மின்சார டிராம் 1901இல்தான் வந்தது!

● தொடக்கத்தில் தலைக்கு மேல் கம்பி கிடையாது. தண்டவாளங்களுக்கு இடையே தரைக்கடியில் ஒரு கால்வாய்; மின்சாரம் அதன் வழியே வந்தது. நம்மூர் அடைமழை சும்மா விடுமா? கால்வாயில் வெள்ளம் புகுந்தது. பிறகுதான் கம்பங்கள் நட்டு மேலே கம்பி இழுத்தார்கள்.

● கடன் கழுத்தை நெரிக்க, 1953 ஏப்ரல் 12உடன் சேவை நின்றது. தண்டவாளம் போனது, பெட்டிகள் போயின. ஷெட் இருந்த நிலத்தைப் பெரியார் வாங்கினார்.

● ‘விடுதலை’ நாளிதழ் அலுவலகம், எம்.ஆர்.ராதா மன்றம் எல்லாம் அங்கேதான். 1973 டிசம்பரில் பெரியார் அடக்கம் செய்யப்பட்டதும் அதே மண்ணில்.

● கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மின்ரயிலில் வருகிறவர்கள் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கினால் திடல் பக்கம்தான். ஆட்டோ பிடிக்க வேண்டாம், நடந்தே போகலாம். வெயில் தாழ்ந்த பிறகு!