வென்டிலேட்டர் வெச்சா திரும்ப மாட்டாங்களா? பயமுறுத்திய 88 சதவீதமும் செங்கல்பட்டின் ஒரு இரவும்

“வென்டிலேட்டர்ல வெச்சுட்டாங்களா? அப்போ அவ்வளவுதான்.” 2020, 2021-ல் இந்தப் பேச்சு காதில் விழாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. இந்தப் பயத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாளைக் கடத்தியவர்கள் உண்டு. குழாய் போட கையெழுத்துக் கேட்டபோது மறுத்தவர்களும் உண்டு. அந்தப் பயம் எவ்வளவு தூரம் சரி?

எண் எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 2020-ல் நியூயார்க் பகுதியில் உள்ள நார்த்வெல் மருத்துவமனைகளின் 5,700 கொரோனா நோயாளிகள் பற்றி ‘ஜாமா’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 88% பேர் இறந்துவிட்டதாகத் தலைப்புச் செய்திகள் பறந்தன. நம்ம வாட்ஸ்அப் வரை வந்து சேர்ந்தது அந்த எண்தான்.

ஆனா கணக்கைப் பாருங்க. வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் 1,151 பேர். இறந்தவர்கள் 282, வீடு திரும்பியவர்கள் 38. மீதி 831 பேர் அப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள். முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் வைத்து வகுத்ததால் 88 வந்தது. பரீட்சை பாதியில் பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து போனவர்களை மட்டும் வைத்து ரிசல்ட் போட்ட கதை. பிறகு கட்டுரை திருத்தப்பட்டு, எல்லோரையும் சேர்த்தால் 24.5% என்று மாறியது. அதுவும் இறுதி எண் இல்லை, ஏன்னா அந்த 831 பேரின் கதை முடியவில்லை.

உண்மைக்கு நெருக்கமான எண் ஜூன் 2020-ல் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வில் கிடைத்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற வென்டிலேட்டர் நோயாளிகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4%. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில் 29.3%. அதாவது ஆபத்து மிக மிக அதிகம்தான், ஆனால் பாதிக்கு மேல் பிழைத்திருந்தார்கள். (ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் இல்லை. இரண்டாம் அலையில் மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிட்டவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.)

செங்கல்பட்டில் என்ன நடந்தது?

இந்தச் சதவீதங்களுக்குப் பின்னால் யாரும் உரக்கச் சொல்லாத ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆக்சிஜன் இடைவிடாமல் வர வேண்டும். பைப்பில் அழுத்தம் குறைந்தால் டாக்டரின் திறமை, மருந்து, இயந்திரம் எதுவும் உதவாது.

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்துக் கடலோர கிராமங்களில் யாருக்காவது மூச்சுத் திணறினால், திருக்கழுக்குன்றம் வழியாக ஆம்புலன்ஸ் போய் நிற்கும் பெரிய அரசு மருத்துவமனை செங்கல்பட்டு ஜி.எச். மே 4, 2021 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் புதிய தொற்று 21 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தேர்தல் முடிவு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, புது அரசு பதவியேற்றது மே 7-ல். அன்று இரவு தொடங்கி விடிவதற்குள் அந்த மருத்துவமனையில் ஒரு டஜன் பேர் அளவில் இறந்தார்கள். 11 என்றும் 13 என்றும் செய்திகள் வந்தன. ஆக்சிஜன் இல்லாமல்தான் இறந்தார்கள் என்றார்கள் உறவினர்கள். தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள்.

தொட்டியில் ஆக்சிஜன் இருந்தாலும் படுக்கைக்குப் போதுமான அழுத்தத்தில் வராமல் போக முடியுமா? முடியும். சாதாரண மூக்குக் குழாயில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 2 முதல் 5 லிட்டர் போதும். கொரோனா காலத்தில் பரவலான ‘ஹை ஃப்ளோ’ கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். 7,000 லிட்டர் வாயு பிடிக்கும் பெரிய சிலிண்டரை அந்த வேகத்தில் ஒரே ஒரு நோயாளிக்குக் கொடுத்தால் 2 மணி நேரம்கூட வராது. பத்துப் பதினைந்து கருவிகள் ஒரே பைப்பில் சேர்ந்து இழுத்தால், கோடை காலத்துல தெருவுல எல்லா வீட்டிலும் மோட்டார் போட்டா கடைசி வீட்டுக் குழாய்ல காத்து மட்டும் வருமே, அதே நிலைமைதான். திரவ ஆக்சிஜனை வாயுவாக மாற்றும் குழாய்களில் பனி உறைந்தாலும் வேகம் குறையும். அன்றிரவு குறிப்பாக எது நடந்தது என்பதில் இரு தரப்பும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. என் பார்வையில், வார்டில் மூச்சுக்குப் போராடியவருக்குத் ‘தட்டுப்பாடு’, ‘அழுத்தக் குறைவு’ இரண்டும் ஒன்றுதான்.

விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் எதிரொலித்தது. அதுவரை தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு ஒதுக்கியிருந்தது நாளொன்றுக்கு 220 டன். சில நாட்களிலேயே அது 419 டன் ஆனது.

கணக்கில் வராதவர்கள்

அன்றிரவு இறந்தவர்களில் ஓரிருவருக்கு மட்டுமே கொரோனா உறுதியாகியிருந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். மற்றவர்களில் டெஸ்ட் முடிவு வராத சந்தேக நோயாளிகள் இருந்தார்கள், வேறு நோய்க்காகச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பாசிட்டிவ் ரிப்போர்ட் இல்லாதவர் பொதுவாகக் கொரோனா ஐசியூ புள்ளிவிவரத்தில் சேர மாட்டார். நியூயார்க்கில் 831 பேரை விட்டுவிட்டதால் சதவீதம் பயங்கரமாகத் தெரிந்தது. இங்கே ஆட்களை விட்டால் எண் அழகாகத் தெரியும்.

நெகட்டிவ் வந்தா சரியாயிடுச்சா?

எஸ்.பி.பாலசுப்ரமணியம் ஆகஸ்ட் 5, 2020-ல் சென்னையில் அட்மிட் ஆனார். வென்டிலேட்டர், எக்மோ என்று நாட்கள் நீண்டன. செப்டம்பரில் டெஸ்ட் நெகட்டிவ் வந்தபோது ஊரே நிம்மதியானது. செப்டம்பர் 25-ல் அவர் இறந்தார். வைரஸ் போய்விட்டாலும் நுரையீரல் பாதிப்பு அப்படியே நிற்கலாம்.

பிழைத்து வீடு வந்தவர்களுக்கும் உடனே பழைய வாழ்க்கை கிடைப்பதில்லை. வாரக்கணக்கில் மயக்க மருந்தில் படுத்திருந்தால் தசை கரையும், மறதி வரும், தூக்கம் கெடும், மனம் சோர்ந்து போகும். அப்பாவோ அம்மாவோ ஐசியூ-விலிருந்து திரும்பியிருந்தால், டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் பிசியோதெரபி எப்போது தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த நுரையீரல் பரிசோதனை தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.